ஸ்பானிஷில் தண்ணீர்: ஒரே சொல்லும் அதைச் சுற்றியுள்ள சொற்களும்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: தண்ணீருக்கு ‘அகுவா’ என்ற ஒரு சொல் மட்டும்தானா? நாட்டுக்கு நாடு அதன் பொருள் மாறும் என்கிறார்களே, உண்மையா? ‘எல் அகுவா’ என்று ஆண்பால் போலவும் ‘லாஸ் அகுவாஸ்’ என்று பெண்பாலிலும் வருகிறதே, எது சரி?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. தண்ணீர் என்ற பொருளுக்கு ஸ்பானிஷில் ஒரே சொல்தான், அகுவா. லத்தீனிலிருந்து நேராக வந்தது. நமக்கு நீர், தண்ணீர், வெந்நீர், புனல் என்று இருப்பதுபோல் அங்கே தனித்தனிப் பெயர்கள் கிடையாது. வெந்நீருக்குக்கூட ‘அகுவா காலியென்தே’, சூடான அகுவா என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீரைத் தேக்கவும் திருப்பவும் பங்குபோடவும் ஏற்பட்ட சொற்களைப் பார்த்தால் நிலைமையே வேறு. அவற்றில் பல லத்தீன் அல்ல. ஸ்பெயினில் அவை அரபியிலிருந்து வந்தவை. லத்தீன் அமெரிக்க நாடுகளில் நவாத், மாயா, கெச்சுவா, தாயினோ போன்ற மண்ணின் மொழிகளிலிருந்து வந்தவை. தண்ணீரை யார் கையாண்டார்களோ அவர்களுடைய சொல் தங்கிவிட்டது. என்னைக் கேட்டால், ஸ்பானிஷில் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். இதற்கு வருவதற்குமுன் இலக்கணச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம்.

அகுவா பெண்பால். அதில் ஐயமே வேண்டாம். பிறகு ஏன் ‘லா அகுவா’ இல்லை? பழைய ஸ்பானிஷில் பெண்பால் சுட்டு (ஆங்கிலத்தின் ‘the’ போன்றது) ‘எலா’ என்று இருந்தது. பெரும்பாலான சொற்களுக்கு முன்னால் அதன் தலை தேய்ந்து ‘லா’ ஆனது. அழுத்தமான அகரத்தில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால் வால் தேய்ந்து ‘எல்’ என்று நின்றது. ஆண்பால் ‘எல்’ போலவே தோன்றினாலும் இது பெண்பால் ‘எல்’. அதனால்தான் குளிர்ந்த நீர் ‘எல் அகுவா ஃப்ரீயா’. ‘ஃப்ரீயோ’ என்று சொன்னால் பிழை. இடையில் வேறொரு சொல் நுழைந்துவிட்டால் ‘லா’ திரும்பி வந்துவிடும்: ‘லா மிஸ்மா அகுவா’, அதே தண்ணீர். ‘இந்தத் தண்ணீர்’ என்பதற்கு ‘எஸ்தா அகுவா’ என்றே சொல்ல வேண்டும். தாய்மொழியாகப் பேசுபவர்களே ‘எஸ்தே அகுவா’ என்று சொல்வதைக் கேட்பீர்கள். ராயல் ஸ்பானிஷ் அகாதெமி அதைப் பிழை என்றே வைத்திருக்கிறது. கழுகு (ஆகிலா), பசி (ஆம்ப்ரே) முதலிய சொற்களுக்கும் இதே விதிதான்.

பன்மை சுவாரசியமானது. ‘அகுவாஸ்’ என்று சொன்னதும் தண்ணீர் குடிக்கும் பொருள் என்ற நிலையிலிருந்து விலகிவிடுகிறது. ஒரு நாட்டின் கடற்பரப்பு ‘அகுவாஸ் தெர்ரித்தோரியாலெஸ்’. கழிவுநீர் ‘அகுவாஸ் நெக்ராஸ்’, அதாவது கறுப்பு நீர்கள். சிலி, பெரு, அர்ஜென்டினாவில் அதையே ‘அகுவாஸ் செர்விதாஸ்’ என்பார்கள். மருத்துவப் பேச்சில் ‘அகுவாஸ் மெனோரெஸ்’, சின்ன நீர்கள் என்றால் சிறுநீர்; ‘அகுவாஸ் மயோரெஸ்’, பெரிய நீர்கள் என்றால் மலம். ஸ்பெயினில் பிரசவ நேரத்தில் பனிக்குடம் உடைவது ‘ரொம்பெர் அகுவாஸ்’. கப்பலுக்குள் நீர் புகுவது ‘அசெர் அகுவா’. ஒரு திட்டம் ஆட்டம் காணத் தொடங்கினாலும் அப்படியே சொல்வார்கள்.

மெக்சிகோவுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தெருவில் யாராவது ‘¡அகுவாஸ்!’ என்று கத்தினால் தண்ணீர் தேடிப் பார்க்காதீர்கள், ஒதுங்கி நில்லுங்கள். ‘ஜாக்கிரதை’ என்று பொருள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பார்த்துச் சொல்லும்படி கேட்பதும் ‘எச்சாமே அகுவாஸ்’தான். சாக்கடை வசதி இல்லாத காலத்தில் ஸ்பெயின் நகரங்களில் மாடியிலிருந்து அழுக்கு நீரைக் கொட்டுமுன் ‘¡அகுவா வா!’, தண்ணி வருது என்று குரல் கொடுப்பார்கள். மெக்சிகோவின் ‘அகுவாஸ்’ அந்தப் பழக்கத்தின் மிச்சம் என்று பொதுவாக விளக்குகிறார்கள்.

இனி, நாட்டுக்கு நாடு மாறுவது. மாறுவது அகுவா அல்ல, அதோடு சேர்கிற சொல். குழாய்த் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் ‘அகுவா தெல் கிரிஃபோ’. மெக்சிகோவிலும் சிலியிலும் ‘அகுவா தே லா யாவே’. யாவே என்றால் சாவி, திருகித் திறப்பதால் குழாய்க்கும் அதே பெயர். அர்ஜென்டினாவில் ‘கனிஷா’, பெருவில் ‘கான்யோ’, குவாத்தமாலாவில் ‘ச்சோர்ரோ’, புவேர்ட்டோ ரிக்கோவில் ‘ப்ளூமா’. இந்த ஆறு சொற்களும் குறிப்பது குழாயைத்தான். பாடப்புத்தகத்தில் ‘கிரிஃபோ’ மட்டும் படித்துவிட்டு லிமாவில் இறங்கினால் சிக்கல். பெருவில் ‘கிரிஃபோ’ என்றால் பெட்ரோல் பங்க்.

குடிக்கிற அகுவாவில்தான் பெரிய குழப்பங்கள் வரும். ‘அகுவா துல்சே’ என்பதன் நேர்ப்பொருள் இனிப்பு நீர். புவியியலில் அது ஆறு, ஏரிகளின் நன்னீர், ‘அகுவா சலாதா’ என்ற உப்புநீருக்கு எதிர்ச்சொல். ஆனால் கோஸ்டா ரிக்காவில் ஒரு கடையில் ‘அகுவா துல்சே’ கேட்டால் கரும்பு வெல்லம் கரைத்த சூடான பானம் வரும். கொலம்பியாவில் அதன் பெயர் ‘அகுவாபனேலா’. குவாத்தமாலாவில் ‘அகுவாஸ்’ என்றால் பெரும்பாலும் கோலா போன்ற குளிர்பானங்கள். குடிநீர் வேண்டுமென்றால் ‘அகுவா பூரா’, சுத்தமான நீர் என்று கேட்க வேண்டும். சிலியில் ‘அகுயித்தா’, குட்டித் தண்ணீர் என்றால் மூலிகை போட்ட வெந்நீர். வயிறு சரியில்லை என்றால் ‘போல்தோ’ இலையில் ஒரு அகுயித்தா போட்டுத் தருவார்கள். ஸ்பெயினின் ‘அகுவா தே வலென்சியா’வில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை: ஆரஞ்சுச் சாறு, நுரைக்கும் வைன், ஜின், வோட்கா. ‘அகுவார்தியென்தே’ என்றால் எரியும் நீர், அதாவது சாராயம்.

மெக்சிகோவின் ‘அகுவாஸ் ஃப்ரெஸ்காஸ்’ தனி உலகம். பெரிய கண்ணாடிச் சாடிகளில் நிறம் நிறமாக வைத்திருப்பார்கள். சிவப்பாக இருப்பது ‘ஹமாய்க்கா’, புளிச்சக்கீரை இனச் செடியின் சிவந்த புல்லிதழ்களை ஊறவைத்தது. வெள்ளையாக இருப்பது ‘ஓர்ச்சாத்தா’, அரிசியும் பட்டையும் அரைத்தது. இதே பெயரில் வலென்சியாவில் கிடைப்பது கோரைக்கிழங்குப் பால், சுவையே வேறு. பழுப்பாக இருப்பது ‘தமரிந்தோ’, நம் புளிதான். அந்தப் பெயரே அரபியின் ‘தமர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை என்பதிலிருந்து வந்தது. நாம் புளியைக் குழம்புக்கும் ரசத்துக்கும் கரைப்போம். அவர்கள் சர்க்கரை போட்டுக் குளிரக் குளிரக் குடிக்கிறார்கள்.

சாப்பாட்டு மேசைக்குத் தேவையான சொற்களையும் சொல்லிவிடுகிறேன். ‘கோன் காஸ்’ என்றால் சோடா போல வாயு ஏற்றியது, ‘சின் காஸ்’ என்றால் சாதாரணம். ஐஸ் வேண்டாமென்றால் ஸ்பெயினில் ‘தெல் தியெம்போ’, மெக்சிகோவில் ‘அல் தியெம்போ’. ஸ்பெயினில் வெறுமனே ‘அகுவா’ என்று சொன்னால் காசுக்குப் புட்டி வந்துவிடும். ‘உனா ஹார்ரா தே அகுவா’, ஒரு ஜாடித் தண்ணீர் என்று கேளுங்கள். 2022-இல் வந்த கழிவுப்பொருள் சட்டப்படி, புட்டியில் அடைக்காத குடிநீரை உணவகங்கள் இலவசமாகத் தந்தாக வேண்டும்.

இப்போது அரபிக்கு வருவோம். 711-இல் முஸ்லிம் படைகள் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் நுழைந்தன. அங்கே முஸ்லிம்களின் கடைசி அரசான கிரனாடா வீழ்ந்தது 1492-இல். இடைப்பட்ட ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுகளில் தெற்கிலும் கிழக்கிலும் பாசனம் வேரூன்றிப் பெருகியது. ரோமர்கள் தண்ணீர் தெரியாதவர்கள் அல்ல. செகோவியாவின் கல் நீர்ப்பாலம் இன்றும் நிற்கிறது, அதற்கு ‘அக்வெதுக்தோ’ என்ற லத்தீன் பெயரும் நிற்கிறது. ஆனால் வயலுக்குத் தண்ணீர் போகும் வழியெல்லாம் அரபி பேசுகிறது. ஆற்றின் குறுக்கே போடும் தடுப்பணை ‘அசூத்’. அங்கிருந்து பிரியும் வாய்க்கால் ‘அசேக்கியா’. நீரை மேலே இறைக்கும் சக்கரம் ‘நோரியா’. தேக்கும் தொட்டி ‘அல்பெர்க்கா’. மழைநீர் சேர்க்கும் நிலத்தடித் தொட்டி ‘அல்ஹிபே’. சாக்கடைக்கான ‘அல்காந்தாரில்யா’ அரபியின் ‘கந்தரா’, பாலம் என்ற சொல்லோடு ஸ்பானிஷின் சிறுமை விகுதி சேர்ந்தது. ஆறுகளிலும் அப்படியே: குவாதால்கிவிர் என்பது ‘அல்-வாதி அல்-கபீர்’, பெரிய ஆறு. ஆட்சி போனது, மதம் போனது, 1609 முதல், மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்த மொரிஸ்கோ மக்களையே நாடு கடத்தினார்கள். வாய்க்காலைத் தூர்வாரும் வேலை மட்டும் நிற்கவில்லை. அதனால் சொற்களும் போகவில்லை.

இது அருங்காட்சியகச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். வலென்சியா தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் ஒவ்வொரு வியாழனும் நண்பகல் 12 மணிக்குத் ‘த்ரிபுனால் தே லாஸ் அகுவாஸ்’, தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு அசேக்கியாக்களின் பிரதிநிதிகளே நீதிபதிகள். அவர்கள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை, விவசாயிகளாக இருக்க வேண்டும். விசாரணை முழுவதும் வாய்மொழியாக, வலென்சிய மொழியில் நடக்கும். முறை தப்பித் தண்ணீர் எடுத்தது, பக்கத்து வயலை மூழ்கடித்தது போன்ற வழக்குகள் அங்கேயே தீரும். யுனெஸ்கோ 2009-இல் இதையும் முர்சியாவின் இதேபோன்ற சபையையும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தண்ணீரைப் பங்குபோடத் தெரிந்தவர்களிடமே தீர்ப்பையும் விட்டிருக்கிறார்கள், இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

இந்த அரபிச் சொற்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கும் போயின. போன இடத்தில் பொருள் நகர்ந்தது. மெக்சிகோவில் ‘அல்பெர்க்கா’ இன்று நீச்சல் குளம். ஸ்பெயினில் அதற்கு ‘பிஸ்சீனா’, அர்ஜென்டினாவில் ‘பிலேத்தா’. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ‘அசேக்கியா’ என்றால் வாய்க்கால் மட்டுமல்ல, அதைப் பராமரிக்கும் விவசாயிகள் சங்கமும்தான். தண்ணீர் முறையைப் பார்ப்பவர் ‘மயோர்தோமோ’. அர்ஜென்டினாவில் ‘அல்ஹிபே’ பழைய வீட்டு முற்றத்துக் கிணறு. சிலியில் அந்தச் சொல் லாரியில் ஏறிவிட்டது: தண்ணீர் லாரிக்கு அங்கே ‘கமியோன் அல்ஹிபே’ என்று பெயர். மெக்சிகோவில் அதே லாரி ‘பீப்பா’. மெக்சிகோ நகரத்தில் வாழ்பவருக்கு இன்னும் சில சொற்கள் தேவை: மொட்டைமாடித் தொட்டி ‘தினாக்கோ’, 20 லிட்டர் கேன் ‘கர்ராஃபோன்’, முறைவைத்துத் தண்ணீர் விடுவது ‘தாந்தேயோ’.

அடுத்தது மண்ணின் மொழிகள். நவாத் மொழியில் தண்ணீர் ‘ஆத்ல்’. மலை ‘தெபெத்ல்’. இரண்டையும் சேர்த்த ‘ஆல்தெபெத்ல்’ என்றால் ஊர், நகர அரசு. தண்ணீரும் மலையும் சேர்ந்தால்தான் ஊர் என்று பெயரிலேயே சொல்லிவைத்தவர்கள் அவர்கள். யுகத்தான் பகுதி சுண்ணாம்புக்கல் தரை. மழைநீர் மேலே ஓடாமல் கீழே இறங்கிவிடும், ஆறுகள் அபூர்வம். தரை இடிந்து நீர் தெரியும் ஆழமான குழிகளை மாயா மக்கள் நம்பி வாழ்ந்தார்கள். அந்தக் குழிக்கு ஸ்பானியர்களிடம் சொல் இல்லாததால் மாயா சொல்லையே ‘செனோத்தே’ ஆக்கிக்கொண்டார்கள். கரீபியன் தாயினோ மொழி தந்த ‘ஹாகுவேய்’ இன்று பல நாடுகளில் குட்டை, நீர்த்தேக்கக் குழி. பெருவின் நாஸ்கா பாலைவனத்தில் நிலத்தடி நீரைக் கொண்டுவரும் பழைய கால்வாய்கள் ‘புக்கியோ’, கெச்சுவாவில் ஊற்று. சிலியின் நடுப்பகுதி, தென்பகுதி ஊர்ப் பெயர்களில் கடைசியில் வரும் ‘கோ’ மபுச்சே மக்களின் மொழியில் தண்ணீர்: தெமூக்கோ, குரிக்கோ. இகுவாசு அருவியின் பெயர் குவாரனியில் பெரிய நீர்.

பொலிவியாவின் கொச்சபம்பாவும் கெச்சுவாப் பெயர்தான். ‘கொச்சா’ ஏரி, ‘பம்பா’ சமவெளி. அங்கே நடந்ததைச் சொல்லாமல் அகுவாவைப் பற்றிப் பேசி முடிக்க எனக்கு மனமில்லை. 1999-இல் நகரத்தின் தண்ணீர் விநியோகத்தை வெளிநாட்டு நிறுவனங்கள் பங்குபெற்ற ஒரு கூட்டமைப்பிடம் அரசு ஒப்படைத்தது. கட்டணம் கடுமையாக ஏறியது. கூடவே வந்த சட்டம், மக்கள் தாங்களே தோண்டிய கிணறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் ஆபத்தானது. நகரவாசிகளோடு ‘ரெகாந்தெஸ்’, பாசன விவசாயிகளும் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கையில் இருந்த வாதம் ‘உசோஸ் இ கொஸ்தும்ப்ரெஸ்’, வழிவழியாக வரும் பழக்கவழக்கம்: இந்தத் தண்ணீரை இந்த முறைப்படி எங்கள் முன்னோர் பங்கிட்டார்கள், அதுவே எங்கள் உரிமை. உயிர்ப்பலியும் நேர்ந்த அந்தப் போராட்டத்தின் முடிவில், 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. ‘கெர்ரா தெல் அகுவா’, தண்ணீர்ப் போர் என்ற பெயர் நிலைத்தது. 2009-இல் வந்த பொலிவிய அரசியலமைப்பு தண்ணீரை ‘ஃபுந்தமென்தாலிசிமோ’ உரிமை என்கிறது. அடிப்படை என்று மட்டும் எழுதினால் போதாது என்று அதற்கு உச்ச விகுதியும் சேர்த்திருக்கிறார்கள். ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலையில் குடிநீரை மனித உரிமையாக ஏற்ற தீர்மானத்தை முன்வைத்ததும் பொலிவியாதான்.

சிலி போன வழி வேறு. 1981-இல் ராணுவ ஆட்சி கொண்டுவந்த ‘கோதிகோ தே அகுவாஸ்’, தண்ணீர்ச் சட்டம், நீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து வாங்க விற்கக்கூடிய சொத்தாக்கியது. அதன் விளைவைப் பெத்தோர்க்கா பகுதியில் பார்க்கலாம். மலைச்சரிவில் ஏற்றுமதிக்கான அவகாடோ தோப்புகள் பச்சையாக நிற்கும். ஆறு வறண்டு கிடக்கும். கீழே குடியிருப்பவர்கள் கமியோன் அல்ஹிபே வரும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். 2022-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி மனிதர் குடிப்பதற்கான நீருக்கு முன்னுரிமை தந்திருக்கிறார்கள். நாற்பது வருடம் தாமதம் என்பது என் கருத்து.

மழையைப் பற்றிக் கொஞ்சம். பொதுச்சொல் ‘யூவியா’. கொட்டித் தீர்க்கும் மழை ‘அகுவாசேரோ’. லிமா பாலைவன நகரம், குளிர்காலத்தில் பனிமூட்டம்போல் ஈரம் மட்டும் இறங்கும், அது ‘கருவா’. வட ஸ்பெயினின் ஓயாத தூறலுக்கு பாஸ்க் பகுதியில் ‘சிரிமிரி’, வேறு இடங்களில் ‘கலாபோபோஸ்’, முட்டாள்களை நனைப்பது என்று பெயர். குடை தேவையில்லை என்று நினைப்பவரைத் தொப்பலாக்கிவிடும் அல்லவா. மானாவாரி நிலம் ஸ்பெயினில் ‘செக்கானோ’, மெக்சிகோவில் ‘தெம்போரால்’. ஆவலோடு எதிர்பார்த்தது வந்து சேர்ந்தால் ஸ்பெயினில் ‘மே மாத மழைபோல’ என்பார்கள். கோடைக்கு முன்னால் பயிருக்குக் கிடைக்கும் கடைசி நல்ல மழை அது.

‘ரம்ப்லா’ என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். பார்சிலோனாவில் அது உலாவும் பெரிய வீதி. சொல்லோ அரபியின் மணல், உண்மைப் பொருள் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் மணலாறு. அந்த வீதியும் ஒருகாலத்தில் அப்படி ஒரு நீர்வழிதான். வலென்சியாவைச் சுற்றி இத்தகைய ரம்ப்லாக்கள் வருடத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். 2024 அக்டோபர் 29 அன்று அவை சில மணி நேரத்தில் நிரம்பிக் கரை புரண்டதில் 220-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாள் முதல் செய்திகளில் அடிக்கடி வரும் ‘தானா’ என்பது, உயரத்தில் தனித்துப் பிரிந்த குளிர்ந்த காற்றழுத்தத் தாழ்வைக் குறிக்கும் சுருக்கப் பெயர். பழையவர்கள் ‘கோத்தா ஃப்ரீயா’, குளிர்ந்த துளி என்பார்கள். அங்கே தங்கப்போகிறீர்கள் என்றால், வாடகை வீடு பார்க்கும்போது ரம்ப்லா எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ‘அகுவா’ என்று தொடங்குவதெல்லாம் தண்ணீர் அல்ல. அவகாடோவுக்கான ‘அகுவாக்காத்தே’ நவாத்தின் ‘ஆவாகத்ல்’ ஸ்பானிய வாயில் மாறியது. சிலி, பெருவில் அதற்குப் பெயர் ‘பால்தா’. தாங்கிக்கொள்வதற்கான ‘அகுவான்தார்’ இத்தாலியிலிருந்து வந்தது. மாறாக, குடைக்கான ‘பராகுவாஸ்’ உண்மையிலேயே தண்ணீரைத் தடுப்பதுதான். ஜெல்லிமீன் அர்ஜென்டினாவில் ‘அகுவாவிவா’ (உயிர் நீர்), கொலம்பியாவில் ‘அகுவாமாலா’ (கெட்ட நீர்), பெருவில் அதையே திருப்பிப்போட்டு ‘மாலாகுவா’.

எந்த நாட்டில் எந்தப் பொருள் என்று சந்தேகம் வரும்போது அகாதெமியின் பொது அகராதியோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்பானிஷ் அகாதெமிகளின் சங்கம் 2010-இல் வெளியிட்ட அமெரிக்க வழக்குகளின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் நாட்டின் சுருக்கக் குறி போட்டிருப்பார்கள். அதில் அகுவா பதிவைத் திறந்து, நீங்கள் போகப்போகும் நாட்டின் குறியை மட்டும் தேடிப் படித்தாலே போதும்.